கடன் கொப்பியும் வாப்பாவின் ஞாபகமும்

எங்கள் வாப்பா கடன் கொப்பியைத் திறந்து பார்த்து நான் கண்டது குறைவு. அக்குறணை டவுனில், கண்டி–மாத்தளை வீதியோரம் அவருக்கு ஒரு கடை. ஒரு பக்கம் மிளகு, கராம்பு, கறுவா, சாதிக்காய். மறுபக்கம் அரிசி, சீனி, பருப்பு. மாதக் கணக்குக்குச் சாமான் எடுக்கிறவர்கள் அறுபது எழுபது பேர் இருப்பார்கள். யார் வந்து கணக்குக் கேட்டாலும் தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லிவிடுவார்: "மூவாயிரத்து இருநூத்தி நாப்பது." கொப்பியிலும் அதுதான் இருக்கும். ஆனால் கொப்பியை எடுத்து, பெயரைத் தேடி, கூட்டிப் பார்ப்பதற்குள் இரண்டு நிமிடம் போய்விடும். அதற்குள் பின்னால் ஐந்து பேர் சேர்ந்துவிடுவார்கள்.

நான் பேராதனையில் முதலாம் வருடம் படித்துக்கொண்டிருந்த காலம். அலவத்துகொடைப் பக்கமிருந்து வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒருநாள் கடைக்கு வந்தார். "மாஸ்டர், ஆயிரத்து எண்ணூத்தி அம்பது நிக்குது" என்றார் வாப்பா. அவர் முகம் மாறியது. "முந்தாநாள் கட்டிட்டேனே முதலாளி. உங்கட மகன்தான் வாங்கினார்." கொப்பியை எடுத்துப் பார்த்தால் நாநாவின் கையெழுத்தில் வரவு விழுந்திருக்கிறது. நாநா கொப்பியில் சரியாக எழுதியிருந்தார், வாப்பாவிடம் சொல்லவில்லை. கொப்பி புதிது, வாப்பாவின் ஞாபகம் பழசு.

கடையில் நின்ற எட்டுப் பேருக்கு முன்னால் அந்த மனிதர் கடன்காரராகிப் போனார். வாப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை. அன்று பின்னேரம் கடையை நாநாவிடம் விட்டுவிட்டு அவருடைய வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். மறுநாளிலிருந்து கடையில் ஒரு சட்டம் வந்தது. கொப்பியில் யார் எதை எழுதினாலும் உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "மாஸ்டர்ட கணக்கு மாறிட்டு வாப்பா!" தொகையைச் சொல்லத் தேவையில்லை. அந்த ஒருவரின் கணக்கை வாப்பா ஞாபகத்திலிருந்து தூக்கிவிடுவார். அடுத்த தடவை அவர் வரும்போது கொப்பியைத் திறப்பார்.

பன்னிரண்டு வருடமாக நான் சம்பளம் வாங்கிச் செய்யும் வேலையும் இதுதான். கொழும்பில் ஒரு கம்பனி ஒன்லைனில் உடுப்பு விற்கிறது. அவர்களுடைய சேர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் நான்கு பேரில் நான் ஒருத்தி. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அக்குறணைக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. மேல் மாடி ஜன்னலோரம் ஒரு மேசை, இரண்டு திரை. என் பொறுப்பில் இருப்பது கேஷ்: பல கணினிகளின் நினைவகத்தில் பரவிக் கிடக்கும் அவசர ஞாபகம். பள்ளிக்கூட ஐ.சீ.டி. புத்தகத்தில் இதைப் 'பதுக்கு நினைவகம்' என்று படித்திருப்பீர்கள். பதுக்கல் என்றால் நமக்குச் சீனி மூட்டையும் பொலிசும்தான் ஞாபகம் வரும். ஆனாலும் அது நல்ல சொல். கேஷ் என்ற சொல்லே ஒளித்துவைத்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கைக்கு எட்டும் தூரத்தில் ஒளித்துவைப்பது என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

ஒரு சல்வாரின் படத்தை உங்கள் தொலைபேசியில் தொடுகிறீர்கள். பெயர், விலை, அளவுகள், எத்தனை மீதம், வாங்கியவர்கள் சொன்னது எல்லாம் ஒரே பக்கத்தில் வர வேண்டும். இவை அனைத்தும் தரவுத்தளத்தில் இருக்கின்றன. அதுதான் எங்கள் கொப்பி. அது வட்டில் எழுதப்பட்டது. கரண்ட் போனாலும் அழியாது. ஆனால் மெதுவானது. கணினியின் நினைவகத்திலிருந்து ஒரு துண்டை எடுக்க ஏறத்தாழ 100 நானோ செக்கன் போகும். சுழலும் பழைய வகை வட்டில் ஒரு இடத்தைத் தேடிப் பிடிக்க 10 மில்லி செக்கன். கேட்கும்போது இரண்டுமே கண் இமைக்கும் நேரம் போலத்தான் இருக்கும். நினைவகத்தில் எடுப்பதை ஒரு செக்கன் என்று நீட்டிப் பாருங்கள். வட்டில் தேடுவதற்கு ஒரு முழு நாளும் இன்னும் நாலு மணித்தியாலத்துக்குக் கிட்டவும் ஆகும். இப்போதைய திண்மநிலை வட்டுகள் இந்தத் தூரத்தை நன்றாகக் குறைத்துவிட்டன என்றாலும் இடைவெளி மூடவில்லை.

ஆகவே அடிக்கடி கேட்கப்படுவதன் பிரதியை நினைவகத்தில் வைத்துக்கொள்கிறோம். இதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்களில் பேர்பெற்றது மெம்கேஷ்டி. அமெரிக்காவில் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற இளைஞர் 1999இல் லைவ்ஜேர்னல் என்ற நாட்குறிப்புத் தளத்தைத் தொடங்கினார். ஆட்கள் குவிந்தார்கள், தரவுத்தளம் திணறியது. அவருடைய சேர்வர்கள் பலவற்றில் நினைவகம் சும்மா கிடந்தது. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சமாகக் கிடந்ததையெல்லாம் ஒரே பெரிய ஞாபகமாகச் சேர்த்துக்கொள்ளலாமே என்று 2003இல் அவர் எழுதியதுதான் அது. முதலில் அவர் பேர்ள் மொழியில் எழுதினார், பிறகு வேகத்துக்காக அது சி மொழியில் திருப்பி எழுதப்பட்டது. 2009இல் சிசிலியைச் சேர்ந்த சல்வத்தோரே சன்ஃபிலிப்போ ரெடிஸை வெளியிட்டார். இன்று உலகத்தின் பாதிக் கடைகள் இந்த இரண்டில் ஒன்றின் மேல்தான் நிற்கின்றன என்று சொன்னால் கொஞ்சம் கூட்டிச் சொன்னதாகும். ஆனால் நீங்கள் இன்று தொலைபேசியில் திறந்த செயலிகளில் ஒன்றாவது இவற்றைத் தொட்டிருக்கும்.

மெம்கேஷ்டியில் எனக்குப் பிடித்தது அதன் அடக்கம். ஒரு சேர்வருக்கு மற்ற சேர்வர் இருப்பதே தெரியாது. யாரிடம் எது இருக்கிறது என்று கணக்கு வைப்பது கேட்க வருகிறவனின் வேலை. இங்கேதான் நான் ஒருமுறை சறுக்கினேன்.

ஒரு நோன்புப் பெருநாளுக்கு முந்திய கிழமை அது. விற்பனை ஏறப்போகிறது என்று தெரிந்ததால், நாலாக இருந்த கேஷ் சேர்வர்களை ஐந்தாக்கச் சொன்னார்கள். இராவில் தராவீஹ் முடிந்து பிள்ளை தூங்கியபின் ஐந்தாவதைச் சேர்த்தேன். நல்லதுதானே, ஞாபகம் கூடுகிறது! ஐந்து நிமிடத்தில் தரவுத்தளம் மூச்சுவிட முடியாமல் கிடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வேலை செய்யும் தம்பி கோல் எடுத்தான். "அக்கா, கேஷ் எல்லாம் காலி போல கிடக்கு. என்ன செய்தனீங்கள்?"

கேஷ் காலியாகவில்லை. தேடுகிற இடம் மாறிவிட்டது. ஒவ்வொரு பொருளின் பெயரையும் ஒரு பெரிய எண்ணாக மாற்றி, சேர்வர்களின் தொகையால் வகுத்து, மிச்சம் வருகிற எண்ணுள்ள சேர்வரிடம் அதை வைப்பது எளிய வழி. எங்கள் மென்பொருள் அப்படித்தான் அமைக்கப்பட்டிருந்தது. நான் அதைப் பார்க்கத் தவறினேன். நாலால் வகுக்கும்போது வரும் மிச்சமும் ஐந்தால் வகுக்கும்போது வரும் மிச்சமும் எத்தனை தடவை ஒன்றாயிருக்கும்? 0 முதல் 19 வரை எழுதிப் பாருங்கள். 0, 1, 2, 3 மட்டும்தான் பொருந்தும். இருபதில் நாலு. மற்றப் பதினாறும் வேறு வாசலில் போய்த் தட்டும், அங்கே இருக்காது, பிறகு தரவுத்தளத்துக்கு ஓடும்.

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது அதுதான். அந்த இராவுக்கு முன்னால் நூறு கேள்விகளில் 96க்குக் கேஷே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. 4 மட்டும் தரவுத்தளத்துக்குப் போனது. ஐந்தாவது சேர்வர் வந்தபின் கேஷ் பதில் சொன்னது 19க்கு. தரவுத்தளத்துக்குப் போனது 81. நாலு எங்கே, எண்பத்தொன்று எங்கே! ஒரே நிமிடத்தில் இருபது மடங்கு பாரம். இவ்வளவு பெரிய சறுக்கலை எல்லோரும் கண்டுவிடுவார்கள். சின்னச் சறுக்கல்தான் ஏமாற்றும். 96 என்பது 92 ஆனால் திரையில் பச்சைக் கோடு கொஞ்சம் இறங்கினதாகத் தெரியும். ஆனால் 4 என்பது 8 ஆகிவிட்டது. தரவுத்தளத்துக்கு இரட்டைப் பாரம். ஆகவே என் திரையில் நான் பெரிதாகப் போட்டிருப்பது கேஷ் பிடித்த எண்ணிக்கையை அல்ல, தவறவிட்ட எண்ணிக்கையை.

இதற்கு மருந்து அப்போதே இருந்தது. 1997இல் எம்.ஐ.டி.யில் டேவிட் கார்கர், டொம் லெய்ட்டன், டானியல் லெவின், ரினா பாணிக்கிரஹி முதலிய ஆறு பேர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அந்த வழி இருக்கிறது. கண்டி வாவியைக் கொண்டு நான் அதை விளக்குவேன். வாவியைச் சுற்றி நடைபாதை இருக்கிறதல்லவா, மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட? நாலு சேர்வர்களையும் அதன் ஓரத்தில் நாலு இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு பொருளும் தன் எண்ணுக்கேற்ப நடைபாதையில் ஓரிடத்தில் இறங்கும். அங்கிருந்து வலப்பக்கமாகவே நடந்தால் முதலில் எதிர்ப்படும் சேர்வர் யாரோ அவரிடம் தங்கிவிடும். ஐந்தாவது ஆள் வந்து தலதா மாளிகைப் பக்கம் நின்றால் என்ன நடக்கும்? அவருக்கும் அவருக்கு முன்னால் நிற்பவருக்கும் இடையில் இறங்கியவை மட்டும் அவரிடம் வரும். வாவியின் மற்றப் பக்கங்களில் ஒன்றும் அசையாது. ஐந்தில் நாலு பங்கு இடம்மாறிய இடத்தில் இப்போது ஐந்தில் ஒரு பங்குதான் மாறும். ஒவ்வொரு சேர்வரையும் ஓரிடத்தில் மட்டும் நிறுத்தாமல் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் பெயர்ப்பலகை நட்டுவிட்டால் ஒருவருக்கே பெரிய பங்கு விழுவதும் நின்றுவிடும். இசைத்தளமான லாஸ்ட்.எஃப்எம் 2007இல் இதை மெம்கேஷ்டிக்காகக் 'கெட்டமா' என்ற பெயரில் எழுதி எல்லோருக்கும் கொடுத்தது. ரெடிஸ் இன்னொரு வழியில் போகிறது: மொத்தத்தையும் 16,384 பெட்டிகளாகப் பிரித்து, எந்தப் பெட்டி எந்தச் சேர்வரிடம் என்று பட்டியல் வைத்துக்கொள்கிறது.

அந்த ஆறு பேரில் டானியல் லெவின், லெய்ட்டனுடன் சேர்ந்து 1998இல் அகமாய் கம்பனியைத் தொடங்கியவர். 2001 செப்டெம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தில் முதலில் மோதிய விமானத்தில் இருந்தார். வயது 31. அன்று செய்தி கேட்டு உலகமே இணையத்தளங்களைத் திறந்தது. அந்தக் கூட்டத்தைத் தாங்கிப் பிடித்ததில் அவருடைய கம்பனியின் சேர்வர்களுக்கும் பங்குண்டு. வாவியைக் காட்டி விளக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

அன்றிராவு நான் செய்தது இதுதான்: ஐந்தாவதைக் கழற்றிப் பழைய நாலுக்கே திரும்பினேன். அவற்றில் சாமான் இன்னும் இருந்தது. அவ்வளவில் தப்பினோம். பெருநாள் முடிந்தபின் வாவி முறைக்கு மாறினோம்.

தவறுவது ஒரு பக்கம். எல்லோரும் சேர்ந்து தவறுவது இன்னொரு பக்கம். கடையில் மிளகுச் சாக்கு முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் மிளகு கேட்டு நிற்கிறார்கள் என்பதற்காக ஐந்து பொடியன்கள் ஆளுக்கொரு சாக்கு எடுக்க மேல் மாடிக்கு ஓடினால் படிக்கட்டில் மோதிக்கொள்வார்கள். கேஷில் அதிகம் கேட்கப்படும் ஒரு பொருள் காலாவதியான அந்த நொடியில் ஐயாயிரம் பேர் அதைக் கேட்டால், ஐயாயிரமும் தரவுத்தளத்துக்கு ஓடும். 2010 செப்டெம்பர் 23 அன்று பேஸ்புக் ஏறத்தாழ இரண்டரை மணித்தியாலம் விழுந்தது இப்படித்தான். கேஷில் பிழையான அமைப்பு மதிப்பு இருந்தால் அதை அழித்துவிட்டு மூலத்திலிருந்து சரியானதை எடுத்துக்கொள் என்று ஒரு தானியங்கி ஏற்பாடு வைத்திருந்தார்கள். நல்ல ஏற்பாடு. அன்று மூலத்திலேயே பிழையான மதிப்பு ஏறிவிட்டது. எல்லாச் சேர்வர்களும் பிழை என்று கண்டு அழித்தன, மூலத்தைக் கேட்டன, மறுபடி பிழையையே வாங்கின. செக்கனுக்கு லட்சக்கணக்கான கேள்விகள் தரவுத்தளத்தின் மேல் விழுந்தன. தரவுத்தளம் பதில் சொல்ல முடியாமல் தவித்தபோது அதையும் பிழை என்று எண்ணி மறுபடி அழித்தன. மூலத்தைத் திருத்தியபின்னும் சுழல் நிற்கவில்லை. கடைசியில் தளத்தையே மூடி, கூட்டத்தை நிறுத்தி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட வேண்டியிருந்தது.

அவர்கள் அதற்குப் பின் 2013இல் வெளியிட்ட கட்டுரையை இந்த வேலையில் உள்ள எல்லோரும் படித்திருப்போம். முதல் பெயர் ராஜேஷ் நிஷ்டலா. அதில் ஒரு ஏற்பாட்டைச் சொல்கிறார்கள்: முதலில் கேட்டுத் தவறவிட்டவருக்கு மட்டும் ஒரு சீட்டு, அவர்தான் தரவுத்தளத்துக்குப் போகலாம். அடுத்து வருகிறவர்களுக்கு, கொஞ்சம் பொறுத்துக் கேள் அல்லது சற்றுப் பழசானதை இப்போதைக்கு வைத்துக்கொள் என்று பதில். ஒரு பொடியன் படியேறட்டும், மற்றவர்கள் நில்லுங்கள் என்கிறார்கள். இன்னும் ஒன்றும் செய்கிறார்கள்: நூற்றில் ஒரு சேர்வரை எதையும் கொடுக்காமல் சும்மா வைத்திருக்கிறார்கள். யாராவது விழுந்தால் அவருடைய பாரத்தைச் சேர்வர்களுக்கெல்லாம் பகிராமல் இந்தச் சும்மா இருப்பவரிடம் தள்ளுவார்கள். சும்மா இருக்கும் இயந்திரத்துக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று மேலதிகாரி கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

எங்கள் அளவுக்கு ஒரு சின்ன வேலை போதும். கேஷில் வைக்கும் ஒவ்வொன்றுக்கும் ஆயுள் குறித்துவிடுவோம்: பத்து நிமிடம், ஒரு மணித்தியாலம், ஒரு நாள். நள்ளிரவு பன்னிரண்டுக்கு ஆயிரம் சாமான்களை ஒரு மணித்தியால ஆயுளோடு ஏற்றினால் ஒரு மணிக்கு ஆயிரமும் ஒன்றாகச் சாகும். அக்குறணையில் மஃரிப் பாங்கு சொன்னதும் ஊரே ஒரே நிமிடத்தில் நோன்பு திறக்கும். வீதியில் ஈ காக்கை இருக்காது. மனிதருக்கு அது அழகு, கேஷுக்கு ஆபத்து. ஆகவே ஒவ்வொன்றின் ஆயுளிலும் சில நிமிடங்களைச் சீட்டுக் குலுக்கியது போலக் கூட்டிக் குறைத்து வைக்கிறோம்.

இடம் நிரம்பினால் நெடுநாள் யாரும் தொடாததை வெளியே தள்ளுவது பொது வழக்கம். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. மெம்கேஷ்டி நினைவகத்தை ஒரு மெகாபைட் பலகைகளாக எடுத்து, ஒவ்வொரு பலகையையும் ஒரே அளவுள்ள லாச்சிகளாக வெட்டிவிடும். கராம்பு லாச்சியாக வெட்டியதில் கறுவாப் பட்டை நுழையாது. ஒரு காலத்தில் சின்னச் சாமான்கள் அதிகம் வந்து லாச்சிகள் எல்லாம் சின்னதாகிவிட்டால், பிறகு பெரிய சாமான் வரும்போது இடம் இருந்தும் இல்லாதது போலாகும். நல்ல சாமான் வெளியே விழும். புதிய பதிப்புகள் இதைத் தாங்களே பார்த்துச் சரிசெய்துகொள்ளும். பழைய பதிப்போடு மாரடித்த எங்களுக்குத்தான் அந்தச் சலிப்பு தெரியும்.

இத்தனையும் வேகத்தின் கதை. எனக்கு உண்மையில் கவலை தருவது வேறொன்று: எதைக் கேஷில் வைக்கலாம், எதை வைக்கவே கூடாது.

2022 ஜூலையில் தேசிய எரிபொருள் அட்டை வந்தது ஞாபகம் இருக்கும். பெற்றோல் ஷெட்டில் கியூ.ஆர். காட்டினால்தான் எண்ணெய். தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. கட்டுகஸ்தோட்டை வரை நீண்ட வரிசையில் நின்றபடி என் புத்தி வேலையில்தான் போனது. இந்த வண்டி மோட்டார் சைக்கிளா காரா என்பது வருடக்கணக்கில் மாறாது. அதை எங்கே பதுக்கிவைத்தாலும் கேடில்லை. ஆனால் இந்தக் கிழமை இன்னும் எத்தனை லீற்றர் மிச்சம் என்பது? இரண்டு நிமிடத்துக்கு முந்திய பதில் அங்கே பொய். ஒன்று, அடித்து முடித்தவன் மறுபடி அடிப்பான். அல்லது, நாலு மணித்தியாலம் நின்றவனைப் பார்த்து உனக்கு முடிந்துவிட்டது என்று சொல்லும். மாஸ்டரின் முகம் எனக்கு அங்கேயும் தெரிந்தது. ஆகவே எங்கள் கடையிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: சல்வாரின் படமும் விவரமும் ஒரு நாள் பழசாக இருக்கலாம், "மீதம் 3" என்ற வரி ஒரு நிமிடம் பழசாகலாம், காசு கட்டும் பொத்தானை அழுத்திய பின் கேஷ் என்ற பேச்சே கூடாது. கொப்பியைத் திற. எவ்வளவு கூட்டம் நின்றாலும் திற.

ஒருவருடைய பொதி இன்னொருவர் கைக்குப் போவது அதைவிடப் பெரிய கேடு. 2023 மார்ச் 20 அன்று சட்ஜிபிடியில் சிலருக்கு முன்பின் தெரியாத வேறு ஆட்களின் உரையாடல் தலைப்புகள் தெரிந்தன. ரெடிஸோடு பேசுவதற்கு அவர்கள் பயன்படுத்திய நிரலில் இருந்த ஒரு வழு அது. ஒருவர் சாமான் கேட்டுவிட்டுப் பொதி வருவதற்குள் கவுண்டரை விட்டுப் போய்விடுகிறார், பொதி வருகிறது, அடுத்து நிற்பவர் கையில் கொடுத்தாகிறது. அவ்வளவுதான் நடந்தது. காசு கட்டும் சந்தாக்காரர்களில் அன்று ஒரு ஒன்பது மணித்தியாலத்துக்குள் பாவித்த 1.2 வீதமானோரின் கட்டண விவரங்களில் சிலவும் வெளித்தெரிந்திருக்கலாம் என்று கம்பனியே சொன்னது.

வாசலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெம்கேஷ்டி தனக்குள் நம்பிக்கையான ஆட்கள் மட்டுமே வருவார்கள் என்று எண்ணி எழுதப்பட்டது. கடவுச்சொல் கேட்காது. அதன் வாசல் எண் 11211. அந்த வாசலை இணையத்தை நோக்கித் திறந்துவைத்த ஆயிரக்கணக்கான சேர்வர்களைக் கொண்டு 2018 பெப்ரவரி 28 அன்று கிட்ஹப் தளத்தைத் தாக்கினார்கள். செக்கனுக்கு 1.35 டெராபிட். அதுவரை வெளியில் தெரிந்த தாக்குதல்களில் அதுவே மிகப் பெரிது. தந்திரம் எளிது: கிட்ஹப்பின் முகவரியைப் பொய்யாகப் போட்டு 15 பைட் கேள்வி ஒன்றை அனுப்பினால், அது 750 கிலோபைட் வரையான பதிலைக் கிட்ஹப்பின் தலையில் கொட்டும். அடுத்து வந்த 1.5.6 பதிப்பில் அந்த வழியை இயல்பாகவே மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து புதிய சேர்வர் ஏற்றினால் நான் முதலில் பார்ப்பது வேகத்தை அல்ல, வெளியிலிருந்து 11211ஐத் தட்டினால் யாராவது குரல் கொடுக்கிறார்களா என்பதை.

இதெல்லாம் அமெரிக்காவின் கதை என்று நினைக்க வேண்டாம். சஞ்சீவ வீரவரண முதலானோர் 2005இல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நம் நாட்டில் வளர்ந்து உலகமெங்கும் மென்பொருள் விற்கும் கம்பனி. அவர்களுடைய கார்பன் தளத்தில் பல சேர்வர்கள் ஒன்றாய் நிற்பதற்கு ஹேசல்காஸ்ட் என்ற, துருக்கியில் பிறந்த பரவல் நினைவகத்தைப் பாவித்தார்கள். ஹேசல்காஸ்டில் ஒவ்வொரு பொருளுக்கும் இன்னொரு சேர்வரில் ஒரு பிரதி இயல்பாகவே இருக்கும். ஒருவர் விழுந்தால் ஞாபகம் போகாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் இன்னொரு சேர்வரிடம் கேட்டு வாங்குவதைவிட, ஆளாளுக்குத் தன் பிரதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, 'இது மாறிவிட்டது, உன்னிடம் உள்ளதை எறி' என்ற செய்தியை மட்டும் அனுப்புகிற வழியும் அந்தத் தளத்தில் உண்டு. அதன் அமைப்புக் கோப்பை நான் முதன்முதலில் வாசித்த இரவு சிரித்துவிட்டேன். "மாஸ்டர்ட கணக்கு மாறிட்டு வாப்பா!"

2025 பெப்ரவரி 9, ஞாயிறு. பாணந்துறை உபநிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததாகச் சொல்லி முழு நாட்டுக்கும் கரண்ட் போன நாள். எங்கள் சேர்வர்கள் இருக்கும் இடத்தில் ஜெனரேட்டர் ஓடியது, ஒன்றும் விழவில்லை. ஆனாலும் அன்று பின்னேரம் மட்டும் நான் பட்ட பாடு! எல்லாக் கேஷும் ஒன்றாக வெறுமையாகி எழுந்தால் தரவுத்தளம் தாங்குமா? தாங்காது என்று எனக்குத் தெரியும். அதன் பிறகுதான் கம்பனியில் ஒத்திகை ஒன்றைக் கேட்டு வாங்கினேன். மாதம் ஒருமுறை, இரவு இரண்டு மணிக்கு, ஒரு கேஷ் சேர்வரை வேண்டுமென்றே அணைக்கிறோம். திரும்ப எழுந்ததும் கூட்டத்தை உடனே விடாமல், அதிகம் விற்கும் இரண்டாயிரம் சாமான்களை முதலில் நாங்களே வரிசையாகக் கேட்டு நிரப்புகிறோம். சூடாக்குதல் என்று சொல்வோம். அணைப்பதற்கு முன் என் கை இன்னும் நடுங்கும்.

அக்குறணையில் எங்களுக்குக் கரண்டைவிடப் பிங்கா ஓயா பெரிய பயம். மலையில் விடாமல் மழை பெய்தால் ஓயா பெருகி டவுனுக்குள் வரும். கடைக்காரர்கள் ஆளுக்காள் கூப்பிட்டுச் சாமான் தூக்குவார்கள். கடைசியாகத் தண்ணீர் வந்த இரவு நான் மேலிருந்து இறங்கி ஓடியபோது வாப்பா இடுப்பளவு மூட்டைகளுக்கு நடுவில் நின்றார். "கொப்பி எங்க வாப்பா?" "அதத்தான் மொதல்ல மேல வெச்ச, மகள். நீங்க அந்த கராம்புப் பெட்டியப் புடிங்க." மிளகில் ஒன்றரை மூட்டை நனைந்து போனது. வாப்பா அதற்காகப் பெரிதாக வருந்தவில்லை. மிளகு மறுபடி வாங்கலாம்.

கடை மூன்று நாள் பூட்டிக் கிடந்தது. நாலாம் நாள் சுபஹ் தொழுதுவிட்டு வந்தவர், ஷட்டரைத் திறக்காமல் மேல் மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்து கொப்பியின் முதல் பக்கத்திலிருந்து விரலை வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு போனார். உம்மா பிளேன்டீ கொண்டுபோய் வைத்தார், ஆறிப்போனது. மாஸ்டரின் பக்கம் வந்தபோது விரல் கொஞ்சம் நின்றது. கீழே இரண்டு பேர் ஷட்டரைத் தட்டினார்கள். "அஞ்சு நிமிஷம்" என்று ஜன்னலால் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.